எழுத்துப் பிழை இருந்தால்தான் மோசடி மின்னஞ்சலா?

கேள்வி, 12 ஜூலை 2025

வருமான வரித் துறையிலிருந்து எனக்கு 18,430 ரூபாய் ரீஃபண்ட் வந்திருப்பதாக ஒரு மின்னஞ்சல். வங்கிக் கணக்கை உறுதி செய்ய ஓர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். 48 மணி நேரக் கெடு. ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. அரசு முத்திரை இருக்கிறது, இணைப்பில் பூட்டுச் சின்னமும் இருக்கிறது. மோசடி மின்னஞ்சல் என்றால் எழுத்துப் பிழை இருக்கும், 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கும் என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். இதில் என் முழுப் பெயரே இருக்கிறது. ஆகவே இது உண்மையானது என்பது என் கணக்கு. சரிதானே?

12 ஜூலை 2025, இரவு 10.15

தவறு. அழுத்தாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இந்த ஆண்டுக்கான ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டீர்களா?

12 ஜூலை 2025, இரவு 10.40

'இன்னும் இல்லை, செப்டம்பர் 15 வரை நேரம் இருக்கிறதே' என்கிறார். விதைக்கவே இல்லை, அறுவடைக்கு ஆள் வந்து நிற்கிறது!

நான் கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாக ரிட்டர்ன் வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டாவது வந்துவிடும். நடைமுறை இதுதான். ரீஃபண்ட் இருந்தால், இணையதளத்தில் நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குப் பணம் தானாக வந்து சேரும். யாரும் எதையும் அழுத்தவேண்டியதில்லை. ரிட்டர்னைப் பரிசீலித்தபின் 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பை பெங்களூரு மையம் அனுப்பும். அது பூட்டிய பிடிஎஃப் கோப்பு. பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, அதை ஒட்டிப் பிறந்த தேதியைப் போட்டால் திறக்கும். மோசடிக்காரர்கள் உங்களை ஓர் இணைப்புக்குத் துரத்துவார்கள். துறை கோப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

13 ஜூலை 2025, காலை 7.20

இரவெல்லாம் எழுத்துப் பிழை விவகாரமே மண்டைக்குள் ஓடியது. இந்த விதியை நானும் பல ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு காலத்தில் அது வேலை செய்ததும் உண்மை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'என் கோடிகளை வெளியே எடுக்க உதவினால் பங்கு தருகிறேன்' என்று வரும் நைஜீரிய இளவரசன் வகைக் கடிதங்கள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. அபத்தம் ஒரு சல்லடை என்றார் அவர். விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டு விலகிவிடுவார், அதன்பிறகும் பதில் போடுகிறவர்தான் கடைசிவரை வருவார். ஏமாற்றுகிறவனுக்கும் நேரம் காசுதானே.

அது ஆளோடு ஆள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் கறக்கிற தொழிலுக்குப் பொருந்தும். கடவுச்சொல்லைப் பறிக்கும் மின்னஞ்சலுக்குச் சல்லடை வேண்டியதில்லை, எல்லோரும் விழலாம். இப்போது ஆங்கிலம் எழுதிக் கொடுக்க இயந்திரமும் வந்துவிட்டது. தமிழிலும் எழுதுகிறது, ஒற்று மிகுமிடம் மிகாவிடம் எல்லாம் நம்மைவிட ஒழுங்காக.

எழுத்துப் பிழை பிடித்துக் கொடுத்த பெரிய கதை ஒன்றும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்குமேல் மாற்றச் சொல்லி ஆணைகள் அனுப்பினார்கள். இரண்டு கோடி டாலர் இலங்கையில் ஒரு 'ஃபவுண்டேஷன்' பெயருக்குப் போகவேண்டியது. அந்தச் சொல்லை 'ஃபாண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேட்க, அந்தத் தொகை தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர் போய்விட்டது. அந்த ஆணைகளை எந்த எழுத்துப் பிழையும் காட்டிக்கொடுக்கவில்லை! இத்தனைக்கும் அவர்கள் உள்ளே நுழைந்த வழி, வேலை கேட்டு விண்ணப்பிப்பதுபோல் வந்த ஒரு மின்னஞ்சல்.

13 ஜூலை 2025, காலை 7.31

முழுப் பெயர் இருக்கிறதே என்று கேட்டதை விட்டுவிட்டேன். பான் அட்டை நகலை எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை சிம் கடையில், எத்தனை ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

14 ஜூலை 2025, மதியம் 1.50

இணைப்பைப் படிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக.

கேள்வி கேட்டவர் அந்த இணைப்பை அனுப்பியிருந்தார். தமிழில் எழுதினால் இப்படி வரும்: இன்கம்டாக்ஸ்.கவ்.இன்.ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ்.டாப்/லாகின். கண் இடமிருந்து ஓடுகிறது. முதலில் துறையின் பெயரைப் பார்க்கிறது, நிம்மதியடைந்துவிடுகிறது. ஆனால் முகவரியின் சொந்தக்காரர் யார் என்பது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், வலது ஓரத்தில் இருக்கிறது. இங்கே சொந்தக்காரர் 'ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ்.டாப்'. முன்னால் உள்ள எல்லாமே அவர் தன் விருப்பத்துக்கு ஒட்டிக்கொண்டவை.

நமக்கு இது புதிதல்ல. நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் வருகிறது. எத்தனை இனிஷியல் போட்டாலும் ஆள் கடைசியில் இருப்பவர்தான். கலெக்டர்.தாசில்தார்.முருகன் என்று ஒருவர் பலகை மாட்டிக்கொண்டால் அங்கே குடியிருப்பவர் முருகன்.

கைபேசியில் விரலை இணைப்பின்மேல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். தட்டிவிடாதீர்கள், பிடியுங்கள். மின்னஞ்சலில் நீல எழுத்தில் தெரிவது ஒன்றாகவும் உள்ளே இருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம்.

14 ஜூலை 2025, இரவு 9.05

திருத்தம். 'அப்படியானால் வலமிருந்து இரண்டு சொல் பார்த்தால் போதுமா' என்று ஒருவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் சொன்னது, தவறு. காம், டாப், ஆர்க் என்று முடிந்தால் இரண்டு சொல். கவ்.இன், கோ.இன் என்று முடிந்தால் மூன்று சொல் பார்க்கவேண்டும். நான் சொன்ன இரண்டு சொல் கணக்கை வைத்தால் நாட்டில் உள்ள அரசு அலுவலகம் அத்தனைக்கும் சொந்தக்காரர் ஒரே 'கவ்.இன்' ஆகிவிடுவார்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் 'அட்' குறி (@) இருந்தால், அதற்கு முன்னால் இருப்பது வெறும் அலங்காரம். உலாவி அதற்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குத்தான் போகும்.

16 ஜூலை 2025, இரவு 10.30

பூட்டுச் சின்னம். எங்கள் அலுவலகச் சுவரில் 2014இல் நானே ஒரு காகிதம் ஒட்டினேன்: 'பூட்டு இருந்தால் பாதுகாப்பு'. நேற்றுவரை அது அங்கேயே இருந்தது, டேப் பழுப்பேறி. இன்று கிழித்துப் போட்டேன்.

உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குமேல் பூட்டுக்கு வேறு பொருள் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதன் கவலை அல்ல. திருடனோடு தனியறையில் ரகசியமாகப் பேசுவதுபோல. அந்தப் பூட்டை வரவைக்கும் சான்றிதழ் 2015 கடைசியிலிருந்தே எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023இல் குரோம் உலாவியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு, வேறொரு சின்னத்தை வைத்தது. எங்கள் சுவருக்குச் செய்தி வந்து சேர இரண்டு ஆண்டு கூடுதலாகப் பிடித்தது.

இதில் குழப்புகிறவர்கள் திருடர்கள் மட்டுமல்ல. 2021 ஜூன் 7 அன்று வரித்துறை பழைய இணையதளத்தை விட்டுப் புதிய முகவரிக்கு மாறியது. 'இன்கம்டாக்ஸ்இந்தியாஇஃபைலிங்' என்று நீளமாக இருந்ததைப் பத்தாண்டுக்குமேல் மனப்பாடம் செய்யவைத்திருந்தோம். திடீரென்று 'இன்கம்டாக்ஸ்' என்று குட்டையாகிவிட்டது. அந்த வாரம் பாதிப் பேர் போலித் தளம் என்று பயந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பயந்தவர்களைக் குறை சொல்லமுடியாது. எனக்குக் கணக்கு இருக்கும் ஒரு வங்கி, 'சந்தேகமான இணைப்பை அழுத்தாதீர்கள்' என்ற அறிவுரையையே, எங்கே போகும் என்று பார்த்தால் தெரியாத ஒரு சுருக்கிய இணைப்பில் அனுப்பியது. அழுத்திப் படித்தால்தான் அழுத்தக்கூடாது என்று தெரியும்.

19 ஜூலை 2025, இரவு 8.45

'முகவரியை நன்றாகப் பார்த்தாலே போதும், மோசம் போகமாட்டோம்' என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அவருக்காக எங்கள் ஊர்க் கதை.

இங்கே வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி பெரிய தொழில். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் அனுப்புகிறவர். கன்டெய்னர் தூத்துக்குடியில் ஏறிவிட்டது. பணம் வரவில்லை. ஐரோப்பிய வியாபாரியைக் கேட்டால், 'நீங்கள் சொன்ன புதிய வங்கிக் கணக்குக்கு எட்டு நாளைக்கு முன்பே அனுப்பிவிட்டோமே' என்கிறார். புதிய கணக்கா? 'எங்கள் பழைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை இதற்கு அனுப்பவும்' என்று ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கப்பலின் பெயர்கூடச் சரி. கடைசியில் வழக்கமாக அவர் போடும் 'வித் வார்ம் ரிகார்ட்ஸ்' உட்பட.

அனுப்பியவர் முகவரியை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நானும் அவரும் இரண்டு முறை பார்த்தோம், வித்தியாசமே தெரியவில்லை. அலுவலகத்துப் பெண்தான் பிடித்தாள்: 'அக்கா, இது ஆங்கில எம் (m) இல்லை. ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டி நிற்கின்றன.' சிறிய எழுத்தில் அந்த இரண்டையும் நெருக்கிவைத்தால் எம் போலத்தான் இருக்கும். நமக்கு இது தெரியாததா? கால் போடவேண்டிய இடத்தில் 'ர' போட்டுத் தட்டச்சு செய்த கடிதங்களை எத்தனை படித்திருக்கிறோம், ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கிறதா? 'ஔவை'யை 'ஒள' போட்டு எழுதினால் யார் பிடிக்கிறார்கள்? பழகிய சொல்லைக் கண் எழுத்து எழுத்தாகப் படிப்பதே இல்லை, முகம் பார்த்து அடையாளம் கண்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கப்பலின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், 'உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது' என்று மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒன்றில் அவர்களுடைய கணக்குப்பிள்ளை கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு எதுவும் நடக்கவில்லை என்று மறந்தும்விட்டார். உள்ளே வந்தவன் ஒன்றையும் தொடாமல், வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் தனக்கு வரும்படி அமைப்புகளில் ஒரு விதியைப் போட்டுவிட்டு மூன்று மாதம் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். உங்கள் அஞ்சல் கணக்கின் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' என்ற இரண்டு இடங்களையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

சின்ன ஊர் வியாபாரிதானே ஏமாந்தார் என்று நினைக்கவேண்டாம். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசௌஸ்காஸ் என்பவர் தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பியே கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்குமேல் வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் ஐந்து ஆண்டு சிறை.

20 ஜூலை 2025, காலை 11.00

'பேராசை பெருநஷ்டம், ஏமாறுகிறவர்கள் ஆசைப்பட்டவர்கள்' என்று ஒரு பெரியவர் முடித்துவைத்திருக்கிறார். ஐயா, ரீஃபண்ட் என்பது அவரவர் கட்டிய பணம். துண்டு விற்ற காசு துண்டு விற்றவருடையது. இதில் ஆசை எங்கே வந்தது?

ஆசை, பயம் என்று பேச்சு வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் சிறுவயதில் வீட்டு வாசலில் ஒரு துண்டுத்தாள் கிடக்கும். ஏதோ ஒரு கோயிலில் பாம்பு வந்து அர்ச்சகரிடம் பேசியது, இதைப் படித்தவர் ஆயிரம் பிரதி அச்சடித்து விநியோகித்தால் பத்து நாளில் செல்வம் வரும், கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கி இறந்தார் என்று. என் பாட்டி அதைக் கிழிக்கவும் மாட்டார், அச்சடிக்கவும் மாட்டார். சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிடுவார். இன்றைய மின்னஞ்சலில் இருப்பது அதே கெடு, அதே வரம், அதே சாபம்தான். சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பதும் மோசமான யோசனை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

2022இல் தமிழ்நாட்டில் பாதிப் பேர் கைபேசிக்கு வந்ததே: சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அலுவலரை இந்த எண்ணில் அழைக்கவும். அழைத்தால், உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படியான ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அந்த ஆங்கிலத்தில் பிழை தேடி எல்லோரும் நேரத்தை வீணாக்கினார்கள். நம் மாநிலத்தில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை! 'சென்ற மாதக் கட்டணம்' என்று ஒன்று நமக்கு ஏது? ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்க எந்த லைன்மேன் வந்திருக்கிறார்? மழை பெய்து கம்பி அறுந்தாலே காலையில்தான் வருவார். 'மின் அலுவலர்' என்று யாரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா? ஏ.இ. என்போம், லைன்மேன் என்போம். எழுதியவன் இந்த ஊரில் ஒரு பில்கூடக் கட்டியதில்லை என்று ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது.

எனக்கெல்லாம் இது ஒன்றுமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் வாடை தெரிந்துவிடும்.

9 ஆகஸ்ட் 2025, இரவு 11.50

மேலே உள்ள கடைசி வரியை அழித்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். இருக்கட்டும்.

போன வார வெள்ளிக்கிழமை மாலை. ஒரு கம்பெனி வாடிக்கையாளருக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கூரியரில் வரவேண்டும். பென்டிரைவ் மாதிரி சின்னதாக இருக்கும், அது இல்லாமல் தாக்கல் நடக்காது. இரண்டு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாலை ஆறரைக்கு ஒரு செய்தி: 'உங்கள் பார்சல் முகவரி முழுமையாக இல்லாததால் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. மறுபடி கொண்டுவர 25 ரூபாய்.' இணைப்பு. இதே மாதிரி அஞ்சல் துறையின் பெயரில் வருபவை போலி என்று மத்திய அரசே எச்சரித்ததை நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நினைவுக்கு வந்தது போன மாதம் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டுக் கொடுத்த என் பழைய தவறு.

முகவரியைப் பார்க்கவில்லை. வலது ஓரம், இனிஷியல், முருகன், எதுவும் இல்லை. கார்டு எண்ணைப் போட்டேன், பின்பக்க மூன்று இலக்கத்தையும் போட்டேன். ஓடிபி வந்தது. ஆறு இலக்கத்தில் நாலு தட்டிவிட்டேன். அலுவலகத்துப் பெண் பின்னாலிருந்து, 'அக்கா, கூரியருக்கு எதற்கு நாற்பத்தெட்டாயிரம்?' என்றாள். செய்தியில் ஓடிபிக்கு முன்னாலேயே தொகையும் யாருக்குப் போகிறது என்பதும் எழுதியிருந்தது: 48,999 ரூபாய், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடை. நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

கார்டை முடக்கினேன். பணம் போகவில்லை. கை மட்டும் ஒரு மணி நேரம் நடுங்கியது. டோக்கன் திங்கட்கிழமை அதன்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

10 ஆகஸ்ட் 2025, காலை 6.40

ஆறுதல் சொன்னவர்களுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். கிண்டல் செய்தவர்களுக்கு இப்போதே: நீங்கள் சொல்வது நியாயம்தான்.

இந்த இழையில் நான் எழுதியதெல்லாம் மேசையில் ஆற அமர உட்கார்ந்து, 'இது மோசடியா?' என்று கேட்டுக்கொண்டு பார்க்கிறவருக்கானது. அப்படிக் கேட்டுக்கொண்டவர் பாதி தப்பித்துவிட்டார். அந்தக் கேள்வியே எழாத வேளை ஒன்று இருக்கிறது. நான் காத்திருந்தது வந்தது, அவ்வளவுதான். அவர்கள் லட்சம் பேருக்கு அனுப்புகிறார்கள், அதில் சில நூறு பேர் உண்மையிலேயே பார்சலுக்குக் காத்திருப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர் ரீஃபண்ட் செய்தியைப் பார்த்து இங்கே வந்து கேட்டார். தாக்கல் செய்துவிட்டுக் காத்திருந்தவர் கேட்டிருப்பாரா?

ட்ராய் ஹன்ட் என்று ஓர் ஆஸ்திரேலியர் இருக்கிறார். யாருடைய கடவுச்சொற்கள் கசிந்திருக்கின்றன என்று உலகத்துக்கே சொல்லும் தளத்தை நடத்துபவர். இந்த மார்ச்சில் அவரே விழுந்தார். லண்டனில், நெடும் பயணத்தின் தூக்கக் கலக்கத்தில், தன் செய்திமடல் சேவையிலிருந்து வந்ததாக ஒரு மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டார். சுமார் 16,000 பேருடைய முகவரிகள் போயின. கொஞ்ச நேரத்திலேயே உணர்ந்து, அன்றே ஊரறிய எழுதிவிட்டார். அவருடைய கடவுச்சொல் பெட்டகச் செயலி அந்தப் போலித் தளத்தில் தானாகக் கடவுச்சொல்லை நிரப்பவில்லை. நிரப்பாததை அவர் பொருட்படுத்தவில்லை. சில உண்மையான தளங்களிலும் அது அப்படித்தான் சண்டித்தனம் செய்யும் என்பதால்.

நான் அதைப் படித்து நிறைய நேரம் யோசித்தேன். பெட்டகச் செயலிக்குத் தூக்கக் கலக்கம் இல்லை. எம்மையும் ஆர்-என்னையும் அது குழப்பிக்கொள்ளாது. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் வாயைத் திறக்காது. அதன் மௌனம்தான் எச்சரிக்கை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசிப் பூட்டைத் திறப்பதுபோல் விரல்ரேகையிலோ பின் எண்ணிலோ உள்நுழைய வைக்கும் பாஸ்கீ என்று வந்திருப்பது இன்னும் ஒரு படி மேல்: போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்கமுடியாது. ஓடிபி அப்படி இல்லை. நீங்கள் தட்டுவதை வாங்கி அவன் அடுத்த நொடி உண்மையான தளத்தில் தட்டிவிடுவான்.

10 ஆகஸ்ட் 2025, காலை 7.15

கார்டு விவரத்துக்குப் பாஸ்கீ உதவாது என்று சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். ஆமாம். அங்கே ஓடிபி செய்தியை முதல் சொல்லிலிருந்து படிப்பதைத் தவிர வழி தெரியவில்லை. நான் இப்போது தொகையை வாய்விட்டுப் படிக்கிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் என் வரவுசெலவு தெரிந்துவிட்டது.

11 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

இரண்டு துண்டுக் குறிப்புகள். அந்தக் கூரியர் செய்தி ஒரு பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்தது. நிறுவனங்கள் முறையாக அனுப்பும் குறுஞ்செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசியில் இந்த ஆண்டு முதல் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டி வருகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. அதைக் கவனித்திருந்தால் என்று சொல்லலாம். கவனிக்கவில்லை.

பணம் போய்விட்டால், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதிக்கவேண்டாம், அழுவது அப்புறம். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாத இழப்பை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் தெரிவிக்கும்வரையிலான நஷ்டம் நம் தலையில்தான். ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

2 நவம்பர் 2025, மாலை 5.10

இழையை மறுபடி திறக்கிறேன். இந்தத் தடவை கதை தலைகீழ்.

வங்கிகள் எல்லாம் அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி அது. இனி நாம் ஒரே ஒரு முடிவைப் பார்த்தால் போதும். நல்ல ஏற்பாடு. இதைச் சொல்லத்தான் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டேன். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். 'அம்மிணி, நான் இப்போதெல்லாம் எதையும் தொடுவதே இல்லை. வரித்துறை பெயரில் வந்த எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்' என்றார், பெருமையாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் 143(1)(அ) பிரிவில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. அவர் கேட்டிருந்த ஒரு வரிக் கழிவு அவர்களுடைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை, 30 நாளுக்குள் பதில் தேவை. பதில் நம்மிடம் இருக்கிறது, ரசீதோடு இருக்கிறது. எங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கும் வந்திருக்கவேண்டியது, ஆனால் அவர் மகன் போன வருடம் அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருக்கிறான். அவன் பார்க்கவில்லை. இவர் பார்த்தார், அழித்தார். கெடு முடிந்து, கழிவை வெட்டி, 31,460 ரூபாய் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. அதையும் அழித்திருக்கிறார்.

யார் சொல்லிக்கொடுத்தது? ஜூலையில் அவருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தவள் நான்தான்.

5 நவம்பர் 2025, இரவு 10.20

'அப்படியானால் அழுத்தவேண்டுமா, கூடாதா? ஒரு முடிவுக்கு வாருங்கள்' என்று முதல் கேள்வி கேட்டவரே கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் சரிதான்.

மின்னஞ்சலை நம்பலாமா என்ற கேள்வியையே நான் இப்போது விட்டுவிட்டேன். அது உண்மையாக இருக்கட்டும், போலியாக இருக்கட்டும், அதை ஒரு வாசற்கூப்பாடாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று தெரிகிறது, ஆனால் அவர்கள் காட்டும் வழியில் போகமாட்டேன். முகவரியை என் கையால் தட்டி, என் வழியில் துறையின் தளத்துக்குள் போய், நிலுவையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். உண்மையான கேள்வி என்றால் அங்கேயும் இருக்கும். பட்டறைக்காரருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். 'தொடாதே' என்பதோடு நிறுத்திவிட்டேன். போய்ப் பார்க்கச் சொல்லவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, எங்கள் தொழிலிலேயே பலருக்கு அது பழக்கமில்லை. 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வரித்துறை அனுப்பும் கடிதங்களில் 'டின்' என்று ஓர் ஆவண அடையாள எண் இருக்கவேண்டும். தளத்தின் முகப்பிலேயே, உள்நுழையாமலே, அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் துறையுடையதுதானா என்று சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

6 நவம்பர் 2025, காலை 9.00

பட்டறைக்காரருக்கு 154ஆம் பிரிவில் திருத்த மனு போட்டாயிற்று. அலுவலக மின்னஞ்சலையும் மறுபடி சேர்த்தாயிற்று. மகனுக்கு நாலு வார்த்தை கிடைத்தது, என்னிடமிருந்து அல்ல.

23 நவம்பர் 2025, இரவு 8.15

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

பட்டறைக்காரர் இப்போது எல்லா மின்னஞ்சலையும் அச்செடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சனிக்கிழமைதோறும் கொண்டுவருகிறார். நேற்று பதினோரு தாள். எட்டு விளம்பரம், ஒன்று போலி ரீஃபண்ட், ஒன்று வங்கியின் உண்மையான அறிக்கை. பதினோராவதைத் தனியாக எடுத்துவைத்து, 'இது மட்டும் அசல், அம்மிணி, நானே சரிபார்த்துவிட்டேன்' என்றார். மகனுடைய கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், திறந்தால் கைபேசியில் திருட்டுச் செயலியை ஏற்றிவிடும் ஏபிகே கோப்பு சுற்றுகிறது என்று யாரும் திறக்கமாட்டேன் என்கிறார்களாம், அதனால் வீடு வீடாக நேரில் போகிறார். எனக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நானும் திறக்கவில்லை.

தை மாதம், வெண்ணெய்மலையில் முகூர்த்தம்.